வளைவா, மதகா?

ஏரிக்கரை (3 அக்டோபர் 2024, இரவு 9:12)

வணக்கம். நேற்று எங்கள் ஊரில் காந்தி ஜெயந்தி கிராம சபை. ஊர்ப் பெயர் வேண்டாம். அரூரிலிருந்து ஊத்தங்கரை போகிற சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வரவு செலவு வாசித்து முடித்ததும் இளைஞர்கள் எழுந்தார்கள். ஊர் நுழைவில் அதியமான் பெயரில் வளைவு கட்ட வேண்டும், வெளியூரில் வேலை பார்க்கும் பையன்கள் பணம் போடுகிறார்கள், ஊரும் போட வேண்டும் என்றார்கள். கைதட்டல். நான் எழுந்து, ஏரி மதகில் கதவு சரியாக உட்காரவில்லை, மூன்று வருடமாக ஒழுகுகிறது, மதகை ஒட்டிக் கரை உள்வாங்குகிறது, முதலில் அதைப் பார்க்கலாமே என்றேன். "வரலாறு தெரியாதவங்ககிட்ட பேசி என்ன பிரயோசனம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் பத்தாவது வரைதான். ஆனால் நம் தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்ததே 1965இல் இதே அக்டோபர் 2 அன்றுதான் என்பது எனக்குத் தெரியும். நேற்று சிரித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கலாம், அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒரு ஊரோ ஒரு நாடோ தன் பழைய கதையிலிருந்து நாளைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது எது? பெருமையா, புத்தியா?

ஓசூர்_ஷிப்ட் (இரவு 9:40)

இரண்டும் வேண்டாம் அண்ணா. எங்கள் தாத்தா காலத்து ஓசூரில் கேழ்வரகும் கொள்ளும்தான். சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, ஊர் மாறியது. அதற்காக யாரும் கல்வெட்டுப் படிக்கவில்லை.

வரலாற்றிலிருந்து அரசாங்கங்கள் என்ன கற்றுக்கொள்கின்றன என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்களுக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, மாகாண ஆட்சிக்கு வந்ததும் 1937 அக்டோபர் 1 அன்று பழைய சேலம் மாவட்டத்தில்தான் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதில்தான் இருந்தன. சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி. 1971இல் மதுவிலக்கை எடுத்தார்கள். வரியை எடுத்தார்களா? பெயரை மாற்றிக்கொண்டு இன்றைக்கும் என் பெட்ரோல் பில்லில் உட்கார்ந்திருக்கிறது.

அதியன்_படை (இரவு 10:25)

மாமா, அந்தக் குரல் என்னுடையதுதான். சபையில் அப்படிச் சொன்னது தப்பு, மன்னிக்கணும். அம்மாவும் திட்டினாள்.

ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். எந்த ஊர் என்று கேட்பார்கள். தர்மபுரி என்று சொன்னால் நம்ம ஊர்க்காரர்களே இரண்டில் ஒன்று சொல்வார்கள். ஒன்று, "பின்தங்கிய மாவட்டம் இல்ல?" இன்னொன்று, "பஸ்ஸை எரிச்ச ஊர்." 2000 பிப்ரவரியில் இலக்கியம்பட்டியில் வேளாண் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் அந்தப் பேருந்தில் எரிந்து செத்தபோது எனக்கு இரண்டு வயது. அந்தப் பழியை நான் ஏன் சுமக்கணும்?

அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்து சதியபுத்திரர் என்று ஒருவரைச் சொல்கிறார். அது யார் என்று ரொம்ப காலம் சண்டை. 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. "சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி" என்று அதிலேயே இருக்கிறது. நம்ம ஆள்! அப்புறம் பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டசபையிலேயே அறிவித்தார்கள். 4200 வருடம். இதையெல்லாம் ஒரு வளைவில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? தலைகுனிந்தே வளர்ந்தவனுக்கு நிமிர ஒரு பெயர் வேண்டாமா?

பழைய_வாத்தியார் (4 அக்டோபர், காலை 6:30)

தம்பி சொன்னதில் வலி இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. கிருஷ்ணகிரியில் முப்பது வருடம் பாடம் நடத்தினேன். "பின்தங்கிய" என்ற சொல் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதியமானைப் பற்றி எழுதுவதென்றால் முழுதாக எழுதுங்கள். நெல்லிக்கனி எல்லோருக்கும் தெரியும். ஔவை தொண்டைமானிடம் தூது போனதும் தெரியும். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? தகடூர், அதாவது நம் தர்மபுரி, அந்தக் கோட்டை விழுந்தது. வீழ்த்தியவனுக்குப் பட்டமே "தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை". தோல்வியை எந்த வளைவிலும் பொறிப்பதில்லை.

இன்னொன்று. புறநானூற்றில் ஔவை அஞ்சியின் முன்னோரைப் பாராட்டும்போது ஒரு காரியத்தைச் சொல்கிறாள். கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள் என்கிறாள். யானை, குதிரை, வேல் இவற்றுக்கு நடுவில் கரும்பு! உங்கள் பக்கம் கோபாலபுரத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறதே, அதற்கு ஏற்றும் கரும்பு என்னென்ன வயல்களில் நிற்கிறது? ஏரிப் பாசனத்தில் எவ்வளவு, ஆயிரம் அடி போர்க் கிணற்றில் எவ்வளவு? அதியமான் பெயரைச் சொல்லி மதகை விட்டுவிட்டால் அவன் வம்சத்தாருக்கே பொருந்தாது. கரும்பு நட்டவனுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்ன.

(அந்த ஆலைக்குச் சுப்பிரமணிய சிவாவின் பெயர். சிறையில் தொழுநோய் வாங்கி, ரயிலில் ஏறக்கூடாது என்று தடுக்கப்பட்டு, நடந்தே ஊர் ஊராகப் போன மனிதர். 1925 ஜூலை 23இல் பாப்பாரப்பட்டியில் இறந்தார். பெயர்ப் பலகை தாண்டி அவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? இது வேறு இழைக்கான விஷயம்.)

கணக்குப்பிள்ளை_பேரன் (காலை 11:05)

வாத்தியார் ஐயா தண்ணீருக்கு வந்துவிட்டார், எனக்கு வசதியாகிவிட்டது. எங்கள் தாத்தா கிராமக் கணக்கு. 1980இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை வேலையை அரசு ஒழித்தபோது அவர் ஒரு வாரம் வெளியே வரவில்லை. ஒழித்தது சரிதான் என்று பின்னாளில் அவரே சொன்னார், அது வேறு.

நம்ம பகுதிக்குப் பாரமகால் என்று பெயர். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கேதான் குதிரையில் சுற்றி நிலம் அளந்தார்கள். ரயத்துவாரி பிறந்த தொட்டில் இதுதான். ஜமீனைக் கேட்காமல் நேராக உழுகிறவனோடு தீர்வை, அதாவது நில வரி, பேசுவது. நடுவிலிருந்து அமுக்குகிறவன் தொலைந்தான் என்ற வகையில் நல்லது. மன்றோ பின்னால் சென்னைக்கே கவர்னரானார்.

ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஏரியைப் பார்த்துக்கொள்கிறவருக்கென்று மானியம் இருந்தது, தசபந்தம் என்பார்கள். ஏரிக்கு என்று ஒரு நிலம், அதன் விளைச்சலில் ஏரி வேலை. தீர்வை ஆளுக்கு ஆள் என்றானதும் வயல் தனித்தனியானது. ஏரி யாருடையது? சர்க்காருடையது. சர்க்கார் என்றால் யாருடையதும் இல்லை. ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடுவதுதான் குடிமராமத்து; 1858இல் "குடிமராமத்துக்கு வராவிட்டால் தண்டம்" என்று சட்டமே போட வேண்டி வந்தது. அன்புக்குச் சட்டம் தேவைப்பட்டால் அன்பு எப்போதோ போய்விட்டது என்று அர்த்தம். இது என் கணிப்பு, வேறு காரணங்களும் இருக்கும்.

அதனால் ஏரிக்கரை அண்ணன் கேட்டதற்கு என் பதில்: எடுத்துக்கொள்ள வேண்டியது ஏற்பாடு. யார் மடை திறந்தார், யார் அவருக்குக் கூலி கொடுத்தார், எப்போது நின்றது. இந்த மூன்றைத் தெரிந்துகொண்டால் உங்கள் ஊர் வரலாறு பாதி முடிந்தது.

ஏரிக்கரை (மதியம் 1:50)

மடை திறந்தவர் இன்னும் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. அறுவடைக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று அவருக்குக் களத்திலேயே நெல் அளப்போம். போர் போட ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக நிறுத்தினோம். "எனக்கு ஏரித் தண்ணி வேணாம், நான் ஏன் அளக்கணும்" என்று முதலில் சொன்னது யார் தெரியுமா? எங்கள் அப்பா.

நூறு நாள் வேலையில் இரண்டு தடவை தூர் வாரினோம். மதகு கல்வேலை, அதில் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

நர்சம்மா_பென்னாகரம் (மாலை 4:15)

போர் என்றதும் உள்ளே வந்தேன். நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்.

என் அக்கா சிரிக்கும்போது முந்தானையை வாய்க்குக் கொண்டுபோவாள். இன்றைக்கும், பேரன் எடுத்த பிறகும். முன்பற்களில் குறுக்கே காப்பிக் கறை மாதிரி பட்டை. பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று முறை அதைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பல் விளக்காதவள் என்று எங்கள் பாட்டியே திட்டுவாள். வேப்பங்குச்சியில் ஈறு கிழியத் தேய்ப்பாள் பாவம்.

அது அழுக்கில்லை, ஃபுளோரைடு. நம்ம மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறையிலிருந்து தண்ணீரில் கரைவது. ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் பாறையிடுக்கில் ரொம்ப நாள் நின்றதாக இருக்கும், அதில் இது கூடுதல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது என்று அளவு வைத்திருக்கிறார்கள். குழந்தையில் குடித்தால் பல், வருடக்கணக்கில் குடித்தால் முட்டியும் முதுகும். நாற்பது வயதில் குனிய முடியாதவர்களை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது, கைப்பம்பு போட்டவர்கள் நல்லதை நினைத்துத்தான் போட்டார்கள். கிணற்றுத் தண்ணீரில் காலரா, பேதி. அதிலிருந்து காப்பாற்ற ஆழத்திலிருந்து எடுத்தார்கள். ஒரு நோயை விரட்டி இன்னொன்றைக் கூப்பிட்டோம். அதைச் சரிசெய்ய 2008இல் அடிக்கல் நட்டு, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. 1928 கோடி ரூபாய்த் திட்டம், ஜப்பான் கடன். காவிரி பக்கத்திலேயே ஓடுகிறது, அதைக் குடிக்க நமக்கு இத்தனை வருடம். இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? ஒகேனக்கல் தண்ணீர் இரண்டு நாள் வராவிட்டால் பழைய போரையே திறந்துவிடுகிறார்கள். இளம் தாய்மாருக்கு ஏன் அந்தத் தண்ணீர் கூடாது என்றே தெரியவில்லை, அவர்களுக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது. என் அக்கா பல்லை வளைவில் மாட்டினால்தான் ஞாபகம் இருக்கும் போல.

ஓசூர்_ஷிப்ட் (மாலை 6:02)

அம்மா கடைசி வரி சூப்பர். ஜெர்மனிக்காரன் தன் தப்பைப் பாடப் புத்தகத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். 1970இல் அவர்கள் பிரதமர் பிராண்ட் போலந்துக்குப் போய் நினைவிடத்தின் முன்னால் முழங்காலிட்டார். நம்ம ஊரில் அதெல்லாம் நடக்கிற காரியமா?

சித்தேரி_அடிவாரம் (இரவு 8:30)

ஜெர்மனி வரை ஏன் போக வேண்டும் தோழர். அரூரிலிருந்து வண்டியைத் திருப்பினால் வாச்சாத்தி.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு பழங்குடி ஊருக்குள் இறங்கின. ஊர் ஆலமரத்தடியில் எல்லோரையும் கூட்டி அடித்தார்கள். 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். சங்கமும் கட்சியும் ஊர்க்காரர்களும் விடவில்லை, வழக்கு சிபிஐக்குப் போனது. 2011 செப்டம்பர் 29, தர்மபுரி நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துவிட்டார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. எல்லோரும் அரசு ஊழியர்கள். பன்னிரண்டு வருடம் கழித்து அதே செப்டம்பர் 29, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம் தரச் சொன்னது.

31 வருடம். சாட்சி சொல்லப் போன பெண்களில் சிலர் போகும்போது சிறுமிகள், முடியும்போது அம்மாக்கள், பாட்டிகள்.

அதியன்_படை தம்பிக்கு ஒன்று. உன்னை "பஸ்ஸை எரிச்ச ஊர்" என்றால் தலை குனியாதே. "ஒரு மலையடிவாரத்துப் பெண்கள் 215 அதிகாரிகளைக் கூண்டில் ஏற்றி ஜெயித்த ஊர்" என்று சொல். அதுவும் நம்ம மாவட்டம்தான். 4200 வருடத்து இரும்பைவிட எனக்கு அது பெரிய பெருமை. ஆனால் உன் வளைவில் அதற்கு இடம் இருக்காது.

நெறியாளர் (இரவு 9:00)

வாச்சாத்தி தொடர்பாகக் கட்சிப் பெயர்களை இழுத்து வந்த நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. எந்த ஆட்சி என்ற சண்டைக்குத் தனி இழை உண்டு.

அதியன்_படை (இரவு 11:48)

சித்தேரி அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பன்னிரண்டாவது வரை அரூரில்தான் படித்தேன். ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை.

இருந்தாலும் பெருமையை அப்படியே தூக்கி எறிய முடியாது. மாமா, நம்ம மதகுக்குப் பக்கத்தில் வேடியப்பன் நிற்கிறாரே, அவர் யார்? ஒரு கையில் வில், இன்னொரு கையில் குத்துவாள், காலடியில் கெண்டி. அது நடுகல். மாடு ஓட்டிப் போனவர்களை மறித்து யாரோ செத்திருக்கிறான், அவனுக்கு நட்ட கல். எழுத்து தேய்ந்துவிட்டது. இத்தனை நூறு வருடம் அந்தக் கல்லை யாரும் துணி துவைக்கத் தூக்கிப் போகவில்லையே, ஏன்? பாடம் கற்றுக்கொண்டதாலா? இல்லை, சாமி என்று கும்பிட்டதால். மஞ்சள் பூசிப் பொங்கல் வைத்ததால். நீங்கள் சொல்கிற புத்தி இரண்டு தலைமுறைகூடத் தாங்கவில்லை, நர்சம்மா சொன்ன மாதிரி. பக்தி ஆயிரம் வருடம் தாங்கியிருக்கிறது. அப்போ எது கெட்டி?

பழைய_வாத்தியார் (5 அக்டோபர், காலை 6:10)

நல்ல அடி தம்பி. என் மாணவனாக இருந்திருந்தால் முழு மதிப்பெண்.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்மன் காலம். மாடு மீட்டுச் செத்தவன் பக்கத்தில் ஒரு நாய். கோவிவன் என்று அதன் பெயரே பொறித்திருக்கிறது, இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாம். ராஜா பெயர் அதில் ஆண்டுக் கணக்குக்கு மட்டும்தான். ஊருக்கு ராஜாவைவிட நாய் முக்கியமாக இருந்திருக்கிறது. பெருமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, யாருக்குக் கல் நடுகிறோம் என்பதைத்தான் பார்க்கிறேன்.

புத்தி தாங்காது என்றாயே, பாதி சரி. தாது வருஷப் பஞ்சம் கேள்விப்பட்டிருப்பாய், 1876 முதல் 78 வரை. சேலம் ஜில்லா மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார்கள். அதே நேரத்தில் துறைமுகத்தில் தானியம் கப்பலேறியது. லட்சக்கணக்கில் செத்த பிறகு 1880இல் கமிஷன், அப்புறம் பஞ்ச விதிகள். மழை பொய்த்தால் ஜனங்கள் ஊரை விட்டு ஓடுமுன்னே வேலை கொடு, கூலி கொடு என்று எழுதி வைத்தார்கள். 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தபோது அந்த விதிகள் அலமாரியில்தான் இருந்தன. பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்.

ஆனால் அந்த யோசனை சாகவில்லை பார். மகாராஷ்டிரத்தில் எழுபதுகளின் வறட்சியில் வேலை உறுதித் திட்டமாக எழுந்தது. 2005இல் நாட்டுக்கே சட்டமானது. ஏரிக்கரை இரண்டு தடவை தூர் வாரினேன் என்றாரே, அந்த மண்வெட்டிக்குப் பின்னால் தாது வருஷம் இருக்கிறது. யாரும் அதற்குப் பொங்கல் வைக்கவில்லை, ஆனாலும் வந்து சேர்ந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை_பேரன் (காலை 9:20)

வேடியப்பனை யாராவது மதகோரமாக வைத்திருக்கிறார்கள் என்றால் சும்மா வைக்கவில்லை. கரையைத் தோண்ட யாருக்கும் தைரியம் வராது.

ஏரிக்கரை (இரவு 10:30)

படித்துக்கொண்டே இருக்கிறேன். மாப்பிள்ளை சொன்னதில் ஒன்று எனக்கு உறைத்தது. அப்பா நெல் அளப்பதை நிறுத்தினார், ஆனால் வேடியப்பனுக்குக் கிடா வெட்டுவதை நிறுத்தவில்லை. நான் இதுவரை இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை.

வளைவுக்கு நான் ஆயிரம் ரூபாய் போட்டுவிட்டேன், வீட்டில் நிம்மதி வேண்டும். மதகுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன்.

ஏரிக்கரை (4 டிசம்பர் 2024, இரவு 8:05)

இழையை மறுபடி எழுப்புகிறேன். ஞாயிறு ராத்திரி பெய்த மழை எல்லோருக்கும் தெரியும். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளெல்லாம் மிதந்து போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் ஏரி ராத்திரி பதினொன்றுக்கு நிறைந்தது. மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கோடியில் வேலிகாத்தான் முள் அடைத்துக்கொண்டு தண்ணீர் போகவில்லை. மதகை ஒட்டி, நான் சொன்ன அதே இடத்தில், கரை விரல் விரலாகக் கரைந்தது. டார்ச் அடித்தால் வேடியப்பன் மார்பு வரை தண்ணீர். எண்பது வயதுக்காரரைக் கட்டிலோடு தூக்கி வந்தோம். அவர் கரையில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, மதகைத் தொடாதே, கோடியைத் திற என்றார். எட்டுப் பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வேலிகாத்தானை வெட்டினார்கள். லீவுக்கு வந்திருந்த மாப்பிள்ளையும் ஒருவன்.

கரைக்கு மூட்டை வேண்டும். உரச்சாக்கு எல்லார் வீட்டிலும் இருந்தது. மண்? எங்கும் சேறு. ஊர் நுழைவில் வளைவுக்கு இறக்கியிருந்த எம்-சாண்ட் மணல் இரண்டு யூனிட் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. டிராக்டரில் அள்ளி விடியற்காலை நான்கு வரை போட்டோம். கரை நின்றது.

நர்சம்மா_பென்னாகரம் (இரவு 8:20)

அந்தப் பெரியவருக்குக் காய்ச்சல் வந்ததா பாருங்கள். கையிலும் காலிலும் முள் குத்தியவர்கள் எல்லாரும் டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள், நாளைக்கே.

அதியன்_படை (இரவு 9:15)

போட்டாச்சு அம்மா. மாமா, எல்லாம் எழுதினீர்கள், ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த இரண்டு யூனிட்டை வளைவுக் கணக்கில் எழுதுவதா, ஏரிக் கணக்கில் எழுதுவதா? பெங்களூர்ப் பையன்கள் குரூப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.